பேஷா தோண்டலாம்

அத்திம்பேரைப் பற்றி யாராவது "தங்கமான மனுஷர்" என்று ஆரம்பித்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. தங்கமாம் தங்கம்! அவர் தங்கமாக இருந்ததற்கு விலை கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். மயிலாப்பூரில் அவருக்கு விரோதி என்று ஒருவர் கிடையாது. கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள் அவர் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். மாட வீதியில் கீரை விற்கிறவள் அவருக்கென்று ஒரு கட்டு எடுத்து வைப்பாள். எல்லோருக்கும் வேண்டியவராக ஒரு வைத்தியர் இருந்தால் எத்தனை நோயாளி பிழைப்பான்? அதே கதைதான் இவர் தொழிலிலும்.

அவர் என் அக்காவின் கணவர். சர்க்கார் தண்ணீர் இலாகாவில் இன்ஜினீயராக இருந்து, யுத்த காலத்தில் வேலையை விட்டவர். விட்ட கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மேலதிகாரி ஒருவர் குழாயைக் கிழக்கு வழியாகக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். பேஷாகப் போகலாம் என்றார் இவர். இன்னொருவர் மேற்கு வழியாகப் போனால் என்ன என்று கேட்டார். பேஷாகப் போகலாம் என்று அவருக்கும் சொன்னார். இரண்டு பக்கமும் ரோட்டைத் தோண்டிப்போட்ட பிறகு அதிகாரிகள் இருவரும் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த இவர் ராஜிநாமாவை எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு பேருமே வழியனுப்பு விருந்தில் கண்கலங்கினார்களாம். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

அதன்பின் வீட்டு வாசலில் 'கன்சல்டிங் இன்ஜினீயர்' என்று பலகை மாட்டிக்கொண்டார். கிணறு எங்கே தோண்டுவது, எந்த ஆழத்தில் உப்பு தட்டும், மழைத் தண்ணீரை எப்படி வடிப்பது, மொட்டை மாடியில் தொட்டி கட்டினால் சுவர் தாங்குமா என்பதற்கெல்லாம் யோசனை சொல்வது அவர் பிழைப்பாயிற்று. யுத்தம் முடிந்த கையோடு மழை சரியாகப் பெய்யாத வருஷங்கள் வந்தன. கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும், அதுவும் நினைத்தால் நின்றுவிடும். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்த பூமியில் புதுசு புதுசாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்டுக்குப் பர்மிட் கிடைக்கிறதோ இல்லையோ, மனை வாங்கினவன் முதலில் அத்திம்பேரைத் தேடிக்கொண்டு வருவான்.

அவருக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நாக்கு அழுகிவிடும். குழியிலிருந்து வந்த மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தே கீழே களிமண்ணா மணலா என்று சொல்லிவிடுவார். ஊற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கி, சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு பக்கவாட்டில் திரும்பித் துப்பிவிட்டு, அங்கவஸ்திரத்தால் வாயைத் துடைத்துக்கொள்வார். எந்தத் தண்ணீரையும் ருசி பார்த்தால் துப்பிவிடுவார், விழுங்கமாட்டார். அந்தத் துப்பலுக்குள் விஷயம் முழுவதும் அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். மனசுக்குள் அவர் போட்ட கணக்கு ஒருநாளும் தப்பினதில்லை. வாயில் வரும்போதுதான் எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்து அது மாறிவிடும்.

அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் பங்களா கட்டினார். கிணறு தோண்டியாயிற்று. அத்திம்பேர் உறிஞ்சினார், துப்பினார். அவர் முகம் ஒரு கோணல் கோணியதை நானே பார்த்தேன். அக்காவையும் என்னையும் காற்று வாங்கலாம் என்று அன்றைக்குக் கூட்டிப் போயிருந்தார்.

"என்ன ஓய், கல்கண்டா இருக்கோல்லியோ?" என்றார் வக்கீல்.

"பேஷா இருக்கு," என்றார் அத்திம்பேர்.

அந்த வீட்டில் பருப்பு வேகவே இல்லை. வக்கீல் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்பில் விறகு விறகாகப் போனாலும் பருப்பு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னாள். அத்திம்பேர் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, "உப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். சமுத்திரம் பக்கத்துலன்னா இருக்கு?" என்றார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கக்கூடாதோ? கேட்டேன். "அவர் அவ்வளவு ஆசையாக் கேக்கறார், மூஞ்சியில அடிச்சாப்பல எப்படிச் சொல்றது?" என்றார்.

யோசனை சொல்கிறவருக்கு எதற்காக ஐயா கூலி? 'கூடாது' என்று சொல்வதற்குத்தானே! 'ஆகட்டும்' என்று சொல்வதற்கு ஆள் எதற்கு? அதற்கு வீட்டுச் சுவரில் பல்லி இருக்கிறது, காசு வாங்காமல் சொல்லிவிட்டுப் போகும்.

இந்த 'பேஷா'வால் நான் வாழ்ந்ததும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. அப்பா போன பிறகு அண்ணா என்னை எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு நிறுத்தப் பார்த்தான். நான் அத்திம்பேரிடம் வந்து, "காலேஜில் சேரட்டுமா?" என்று கேட்டேன். "பேஷா சேரலாம்," என்றார். அண்ணா வந்து, "பொம்மனாட்டிக்கு இவ்வளவு படிப்பு போறும், நிறுத்திடலாமா?" என்றான். "பேஷா நிறுத்திடலாம்," என்றார் அவனிடம். அண்ணா சந்தோஷமாக ஊருக்கு ரயிலேறினான். நான் சந்தோஷமாகக் காலேஜுக்குப் போனேன். சம்பளம் கட்டினவர் அத்திம்பேர். நான் வாத்தியாரம்மா ஆனது அந்த மனிதர் வீட்டுச் சோற்றில்.

ஆனால் அதே வாய்தான் என் பெயரையும் கெடுத்தது. ஒரு பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன், "கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுடணும்," என்றான். எனக்கு இஷ்டமில்லை, சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று அத்திம்பேரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். ஒரு வாரம் கழித்து அந்த மனிதர்கள் தேங்காய் பழத்தோடு நிச்சயதார்த்தத்துக்கு வந்து நிற்கிறார்கள்! இவர் பேஷா என்று சொல்லியிருக்கிறார். நான் கூடத்துக்கு வந்து, "எனக்குச் சம்மதமில்லை, எழுந்து போங்கோ," என்று என் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. பிடாரி, வாயாடி, அடங்காப்பிடாரி எல்லாப் பட்டமும் எனக்கு. அவருக்கு? "பாவம், இப்படி ஒரு மச்சினி" என்று அனுதாபம். அவர் சொல்லாமல் முழுங்கின 'கூடாது' எல்லாம் என் வாயால்தான் வெளியே வரவேண்டும் என்று தலையெழுத்து போலிருக்கிறது.

என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் ரோஸி. சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற கத்தோலிக்கக் குடும்பம். அப்பா இல்லை. அம்மா, இவள், காலேஜில் முதல் வருஷம் படிக்கிற தங்கை ஸெலின், மூன்றே பேர். மூன்று குடித்தன வீட்டில் ஒரு குழாய்க்குச் சண்டை போட்டு அலுத்துப்போய், அப்பா போனபின் வந்த பணத்தையும் ரோஸியின் சேமிப்பையும் போட்டு மாம்பலத்தில் சின்னதாக ஒரு மனை வாங்கினார்கள். கிணற்றுக்கு இடம் பார்க்க அத்திம்பேரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

தெற்குப் பார்த்த மனை. மேஸ்திரி, ஈசானிய மூலை என்று வடகிழக்கு மூலையைக் காட்டினார். கிணறு அங்கேதான் இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம், வேதக்காரக் கிறிஸ்தவ வீடானாலும் மேஸ்திரிகள் விடமாட்டார்கள். அத்திம்பேர் மண்ணைத் தேய்த்தார். அந்தத் தடவை அவர் சொன்ன 'பேஷா' நிஜமான பேஷா. உறை இறக்கி ஊற்று வந்தபோது தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. ரோஸியின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க கை ராசிக் கை சார்," என்றாள். ஸெலினுக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அன்றையிலிருந்து அவரை 'பேஷா சார்' என்றே கூப்பிட ஆரம்பித்தாள். அவருக்கும் அது பிடித்திருந்தது. மாம்பலம் பக்கம் போனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிப்போவார்.

ரோஸி வீட்டார் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, கிழக்குப் பக்கத்து மனையைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் வாங்கி மாடி வைத்துக் கட்டினார். ஒரு சனிக்கிழமை நான் ரோஸி வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் ஸெலின் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. பக்கத்து வீட்டுக்காரங்க நீச்சல் குளம் கட்றாங்க," என்றாள்.

மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கிணற்றிலிருந்து கையெட்டும் தூரத்தில், மதிலை ஒட்டி அந்தப் பக்கம், செங்கல் கட்டின பெரிய குழி. கொத்தனார் உள்ளே நின்று பூசிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது?"

"இன்னாம்மா பாக்கறே? கக்கூஸ் தொட்டி. செப்டிக் டாங்கின்றாங்களே, அது. புச்சா வந்துகீது."

"இங்கே யார் தோண்டச் சொன்னது?"

"மைலாப்பூரு இஞ்சினீரு ஐயாதான். குடை புட்ச்சிகினு வந்தாரு. சுத்திமுத்திப் பாத்தாரு. பேஷா தோண்டலாம்னு சொல்லிட்டுப் பூட்டாரு."

"இந்தக் கிணற்றைப் பார்க்கவில்லையா அவர்?"

"பாக்காம இன்னா? எட்டிப் பாத்தாரே. இந்தப் பொண்ணுகூட கை ஆட்டிச்சே."

"ஆமாக்கா," என்றாள் ஸெலின். "நான் 'பேஷா சார்'னு கத்தினேன். சிரிச்சுட்டுப் போனார்."

விஷயம் ஒன்றும் கம்பசூத்திரமில்லை. வீட்டுக்கு வடகிழக்கில் கிணறு, வடமேற்கில் கக்கூஸ் என்று சாஸ்திரம். தெற்குப் பார்த்த வீடுகள் வரிசையாக நின்றால், என் வடகிழக்கு மூலையும் பக்கத்து வீட்டுக்காரன் வடமேற்கு மூலையும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கம். தோட்டி வந்து வாரிக்கொண்டு போன காலத்தில் அதனால் குற்றமில்லை. இப்போது அத்தனையும் மண்ணுக்குள்ளே இறங்குகிறது. மதில் மண்ணுக்கு மேலேதானே இருக்கிறது, கீழே ஏது மதில்? இது தெரிந்த ஒரே மனிதர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்!

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அத்திம்பேர், அந்தக் குழி கிணத்துக்குப் பக்கத்துல இருக்கலாமா?"

"இருக்கப்படாதுதான்," என்றார் உடனே.

"பின்னே ஏன் சொல்லலை?"

"ஆரம்பிச்சேன்ம்மா. அதுக்குள்ள அவர், சாஸ்திரப்படி இந்த மூலைதான், வேற மூலைன்னா வம்சத்துக்கே ஆகாதாம்னு ரொம்ப ஆசையாச் சொல்லிண்டே போனார். சொல்லப்போனா ஊத்து மேற்கேருந்து கிழக்கே, சமுத்திரத்தைப் பாக்கத்தான் போறது. அவா குழி கிழக்கேதானே?"

"வாளி இறங்கினா நாலு பக்கத்துலேருந்தும் இழுக்கும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தேள்?"

"அதுவும் சரிதான்."

அதுவும் சரி, இதுவும் சரி! அக்கா சமையலறையிலிருந்து, "அவரை ஏண்டி இப்படி நிக்க வச்சுக் கேள்வி கேக்கறே?" என்றாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் காலையில் ரிக்ஷா வைத்து அவரை மாம்பலத்துக்குக் கூட்டிப் போனேன். கூட்டிப் போனேன் என்ன, தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னேன்: "'கூடாது'ன்னு சொல்லுங்கோ. மூணு எழுத்து. போறும்." அவரும் வழியெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

முதலாளி கட்டுகிற வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். குழிக்கருகே கூட்டிப்போய் நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அப்படியா சாமி? பக்கத்து வீட்டுப் பிள்ளைய குடிக்கிற தண்ணியாச்சே! இந்தா பாருங்க, சாஸ்திரக்காரன் ஆயிரஞ் சொல்லுவான். நீங்க படிச்சவுக. கூடாதுன்னு ஒரு சொல்லு சொல்லுங்க, இப்பமே குழிய மூடிட்டு வேற பக்கம் தோண்டச் சொல்லுதேன். ரெண்டு நாள் கூலி போச்சு, அவ்வளவுதானே?"

இதைவிட ஒரு மனிதன் என்ன சொல்லவேண்டும்? கதவைத் திறந்து வழிவிட்ட மாதிரி நிற்கிறார். நான் அத்திம்பேரைப் பார்த்தேன். அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். முதலாளியின் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். குழியின் பூச்சு முடிந்து கொத்தனார் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்திம்பேர் அந்த மோரையும் அந்தப் பூச்சையும் அந்த அம்மாளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூடாதுன்னு இல்லே..." என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக் கிள்ளினேன், நிஜமாகவே.

"கூடாதுன்னு ஒரேயடியாச் சொல்லிட முடியாது. பூச்சு நன்னா கெட்டியாப் போட்டிருக்கார். பேஷா இருக்கலாம். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மோர் டம்ளர் வாய்க்குப் போய்விட்டது.

"கூடாது! கூடவே கூடாது!" என்று நான் கத்தினேன். "அதிலேருந்து கசிஞ்சு கிணத்துக்குப் போகும். அவருக்குத் தெரியும். ஆத்துல என்கிட்ட ஒத்துண்டார். சொல்லுங்கோ அத்திம்பேர்!"

முதலாளி என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "கோவப்படாதீய தாயி. எனக்கு யோசனை சொல்லுதது அவுகதானே? அவுகளே இருக்கலாம்னுட்டாவ," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்கு மேல் அந்த மனிதரை நான் என்ன சொல்ல? ரிக்ஷாவில் திரும்பினோம். அத்திம்பேர், "மோர்ல இஞ்சி தட்டிப் போட்டிருந்தா, பார்த்தியோ?" என்றார். ரிக்ஷாவிலிருந்து குதித்து நடந்தே வந்துவிட்டேன்.

ரோஸியிடம் சொன்னேன். ஒரு தரம் இல்லை, பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். கிணற்றைத் துணி துவைக்க வைத்துக்கொள், குடிக்கக் குழாய்த் தண்ணீர் பிடி என்றேன். தெருக்கோடியில் குழாய் இருந்தது. விடியற்காலையில் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். எதிலிருந்து தப்பிக்க வீடு கட்டினார்களோ அதே வரிசை. ரோஸியின் அம்மாவுக்கு மூட்டுவலி. "கிணத்தை வச்சுக்கிட்டுக் குழாய்ல போய் நிக்கறதா?" என்றாள் அந்த அம்மாள். முதலாளி குடும்பம் பக்கத்தில் குடிவந்து சில மாதம் ஆனபிறகு அவளே, "தண்ணி முன்ன மாதிரி இல்லையோ?" என்றும் சொன்னாள். ரோஸி ஒரு முடிவுக்கு வந்தாள்.

"உங்க அத்திம்பேரைக் கூட்டிட்டு வா. அவர் குடிச்சுப் பார்த்துக் கூடாதுன்னா, அன்னையோட நிறுத்திடறோம். நீ சொன்னா அம்மா கேக்கமாட்டாங்க. நீ கோவக்காரின்னு அவங்களுக்குத் தெரியும்."

வந்தார். வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்தார். ஸெலின் வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினாள். ரோஸியின் அம்மா பித்தளைச் செம்பைத் துலக்கி, அதில் ஊற்றிக் கொண்டுவந்து அவர் எதிரே நின்றாள். அந்த வீட்டிலும் கிணற்றிலும் தன் புருஷனின் பணம் முழுவதும் போயிருந்தது அந்த அம்மாளுக்கு. அவள் முகத்தில் அந்தக் கேள்வி எழுதி ஒட்டியிருந்தது. அத்திம்பேர் உள்ளங்கையில் வாங்கினார். உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். அவர் கண் மூடியிருந்தது. புருவம் நெரிந்ததை நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. துப்பப் போகிறார், இந்த ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லப் போகிறார் என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விழுங்கினார்.

எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் விழுங்காதவர், அதை விழுங்கினார். "பேஷா இருக்கேம்மா," என்றார். அந்த அம்மாள் முகம் விளக்கேற்றினாற்போல் மலர்ந்தது. "இன்னுங் கொஞ்சம் சார்?" என்றாள். அதையும் வாங்கி அண்ணாந்து குடித்தார். செம்பு காலியாகிறவரைக்கும் குடித்தார். 'கூடாது' என்பதைவிட அதைக் குடிப்பது அவருக்கு லேசாக இருந்தது.

"பொய் சொல்றார்! இவருக்குத் தெரியும்!" என்றேன் நான்.

"சும்மா இருடி. அவரே குடிச்சாரே," என்றாள் ரோஸி.

'அவரே குடிச்சாரே.' அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் பேச்சு எடுபடுமா? நான் சொல்வதெல்லாம் என் சுபாவம், அவர் செய்ததெல்லாம் சாட்சியம். ஸெலின் அவர் எதிரிலேயே ஒரு டம்ளர் மொண்டு, "பேஷா சார், சியர்ஸ்!" என்று குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஸெலினுக்கு வந்தது. முதலில் சாதாரண ஜுரம் என்றார்கள், பிறகு டைபாய்டு என்றார்கள். இப்போது போல அப்போது அதற்கு மருந்து கிடையாது. பார்லிக் கஞ்சியும் நெற்றியில் ஈரத் துணியும்தான். அந்தப் பெண்ணின் தலைமுடியெல்லாம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போவேன். குழாயில் வரிசை நின்று ஒரு குடம் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைவேன். கடைசிக் கடைசியாக அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என்னை மிஸ் என்றும் அம்மா என்றும் கூப்பிட்டாள். மூன்றாம் வாரம் போய்விட்டாள்.

சாந்தோமில் அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் மாம்பலத்து வீட்டுக்கு வந்தோம். அத்திம்பேரும் வந்திருந்தார். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது, பொய்யழுகை இல்லை. ரோஸியின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர் என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டார் சார். நம்ம கிணத்துத் தண்ணியாலயா?"

"இல்லேம்மா," என்றார் அத்திம்பேர்.

இழுக்கவில்லை, முணுமுணுக்கவில்லை, 'ஆனா' போடவில்லை. எதிரே இருப்பவருக்கு வேண்டிய பதில் 'இல்லை' என்றால் அதுவும் அவருக்குச் சரளமாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். வெயிலில் வந்தவர்களுக்குத் தாகமாக இருக்குமே என்று பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் ஜாடை காட்டினாள். அந்தப் பெண் குடத்திலிருந்து டம்ளர் டம்ளராக மொண்டு எல்லோருக்கும் நீட்ட ஆரம்பித்தாள். அன்றைக்குக் குழாய்க்கு யாரும் போகவில்லை. அது கிணற்றுத் தண்ணீர்.

நான் எழுந்து போய்க் குடத்தை ஒரே உதையில் கவிழ்த்தேன். பக்கத்திலிருந்த தவலையையும் கவிழ்த்தேன். தண்ணீர் கூடமெல்லாம் ஓடிற்று. துக்க வீட்டில் இதென்ன அநியாயம் என்று யாரோ கூச்சல் போட்டார்கள். அத்திம்பேர் அவசரமாக எழுந்து கையைக் கூப்பினார்.

"மன்னிச்சுக்கோங்கோ. துக்கத்துல பண்றா. அவ சுபாவம் கொஞ்சம் அப்படி," என்றார் எல்லோரிடமும்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ரோஸி ஆட்டவில்லை. கொல்லைப்புறம் போனவள் கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவி, வாளியோடு கொண்டுவந்து கூடத்தில் போட்டாள். பிறகு அவர் எதிரே வந்து நின்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க குழாயிலேயே நின்னிருப்போமே சார்."

"வாஸ்தவம்தாம்மா," என்றார் அத்திம்பேர்.